தாடை அறுவைச்சிகிச்சை சரியாக அமைந்ததா? முப்பரிமாணப் படங்களை வைத்து அளக்கும் முறை

தாடை எலும்பை வெட்டி நகர்த்தினாலும் செதுக்கிச் சீராக்கினாலும், சிகிச்சை முடிந்தபின் மூன்று கேள்விகள் எழும். எலும்பு திட்டமிட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? போன இடத்தில் நிலைத்து நிற்கிறதா? எலும்பு நகர்ந்த அளவுக்கு முகத்தின் வெளித்தோற்றமும் மாறியதா? இவற்றுக்கு வெவ்வேறு நாளில் எடுத்த படங்களும் வெவ்வேறு அளவீடுகளும் தேவை. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. முன்-பின் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது, கத்தி படாத எலும்பை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அது பிசகினால், பின்னால் வரும் எண்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவற்றை நம்ப முடியாது.

வாய்-முக அறுவைச்சிகிச்சை, பல்சீரமைப்பு, கதிர்ப்படவியல் துறைகளில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம். மேல்தாடையைக் கிடையாக வெட்டி நகர்த்தும் லெஃபோர்ட் 1, பி.எஸ்.எஸ்.ஓ. எனப்படும் கீழ்த்தாடைப் பிளப்பு, ஜீனியோபிளாஸ்டி எனப்படும் மோவாய்ச் சீரமைப்பு, கீழ்த்தாடைக் கோணத்தைச் செதுக்கும் சிகிச்சை ஆகிய நான்குக்கும் இது பொருந்தும்.

எந்த நாளில் எந்த ஸ்கேன்

சிகிச்சைக்கு முன் எடுக்கும் படத்தை டி0 என்போம். திட்டமிடலுக்கு எடுத்த ஸ்கேனையே இதற்குப் பயன்படுத்தலாம். தனியாக இன்னொன்று வேண்டாம். அதற்கும் அறுவைச்சிகிச்சைக்கும் இடையில் பல மாதங்கள் ஓடி, பல்சீரமைப்புக் கம்பிகள் பற்களை நகர்த்தியிருந்தால் மட்டும் பற்களை வைத்துச் செய்யும் அளவீடுகள் செல்லாது. எலும்புப் புள்ளிகள் அப்போதும் செல்லும்.

டி1 என்பது சிகிச்சைக்குப்பின் முதல் படம். ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் எடுக்க வேண்டும். எலும்பு திட்டமிட்ட இடத்துக்குப் போனதா என்பதற்கான பதில் இதில் மட்டுமே கிடைக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தை வைத்து அறுவைச்சிகிச்சையின் துல்லியத்தைப் பேசக் கூடாது. அறுவை மேசையில் நேர்ந்த விலகலும், எலும்பு பழைய இடம் நோக்கித் திரும்பும் பின்வாங்கலும் அதில் கலந்து கிடக்கும். இரண்டையும் பிரிக்க வழியில்லை.

டி2 ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள். நிலைத்தன்மையும் மென்திசுவும் இதில் தெரியும். டி1 படத்தில் கன்னம் வீங்கியிருக்கும்; அதில் தோல் பரப்பை அளப்பது வீக்கத்தை அளப்பதாகத்தான் முடியும். தோல் அளவீடுகளை ஆறு மாதத்துக்கு முன் செய்ய வேண்டாம். கோணம் செதுக்கியவர்களுக்கு ஓராண்டு வரை காத்திருப்பது நல்லது. கீழ்த்தாடையின் மூட்டு முனை கரைகிறதோ என்ற ஐயம் இருந்தால் இரண்டாம் ஆண்டிலும் ஒரு படம் தேவைப்படலாம்.

டி1 எடுக்கும்போது வாயில் ஸ்ப்ளின்ட் (பற்களைத் திட்டமிட்ட கடியில் நிறுத்தும் தகடு) இருக்கிறதா என்று கட்டாயம் குறித்து வையுங்கள். ஸ்ப்ளின்ட்டின் தடிமன் கீழ்த்தாடையைச் சற்றுத் திறந்தே வைத்திருக்கும். பற்கள் முழுதும் கடித்த நிலையோடு அதை ஒப்பிட்டால் மோவாய் கீழும் பின்னும் போனதாகக் கணக்கு காட்டும். எலும்பு வெட்டில் எந்தத் தவறும் இல்லாமலேயே இந்த வேறுபாடு வந்துவிடும்.

எந்தக் கருவி

இரு தாடைகளையும் விரித்துக் காட்டும் தட்டையான எக்ஸ்-கதிர்ப் படமான ஓ.பி.ஜி. அளவீட்டுக்கு ஆகாது. அதன் உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறும். தலை சற்றுத் திரும்பினாலே ஒரு பக்கத் தாடை நீண்டு தெரியும். தகடு, திருகு, பல்வேர் ஆகியவற்றின் நிலையைப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமான பக்கவாட்டு செஃபலோகிராம் 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் இருவராலும் தனித்தனியே முறைப்படுத்தப்பட்டது. முன்-பின், மேல்-கீழ் நகர்வை அறிய இன்றும் போதுமானது. கதிர்வீச்சும் மிகக் குறைவு. இடமும் வலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் முகக் கோணலையும் பக்கவாட்டுச் சுழற்சியையும் அதில் காண முடியாது. சமச்சீரான முகத்தில் மோவாயை மட்டும் முன்னகர்த்தியிருந்தால், சி.பி.சி.டி. (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன்) எடுக்காமல் இதோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

மற்றவற்றுக்கு சி.பி.சி.டி. பெரிய புலத்தில் எடுக்கும்போது கதிர்வீச்சு, கருவியையும் அமைப்பையும் பொறுத்துப் பல பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து பல நூறு வரை போகும். இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2400 மைக்ரோசீவர்ட். ஒரு ஸ்கேன் பெரிய ஆபத்தில்லை. அதற்காகக் காரணமில்லாமல் எடுக்கவும் கூடாது. ஆய்வுக்கு எண்ணிக்கை சேர்க்க மட்டும் ஒரு ஸ்கேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதமும் இல்லாமல் எடுக்கக் கூடாது.

மருத்துவமனை சி.டி. ஸ்கேனும் பயன்படும். அடுக்கின் தடிமன் 1 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். கான்ட்ரியின் (ஸ்கேனர் வளையத்தின்) சாய்வு 0 பாகையில் இருக்க வேண்டும். சாய்வோடு எடுத்த அடுக்குகளைச் சில மென்பொருள்கள் நேராக அடுக்கிவிடும். மண்டையோடே சரிந்து உருவாகும். இன்னொன்று, சி.டி.யில் நோயாளி படுத்திருப்பார். கன்னத் தோலும் நாக்கும் பின்னே சரியும். படுத்து எடுத்த டி0-ஐ, உட்கார்ந்து எடுத்த டி2-ஓடு மென்திசுவுக்காக ஒப்பிட வேண்டாம்.

ஸ்கேன் அறையில் கவனிக்க வேண்டியவை

படத்தின் புலம் மேலே முன் மண்டையோட்டு அடித்தளத்திலிருந்து கீழே மோவாய்த் தோல் முழுதும் வரை எட்ட வேண்டும். பின்னே இரு மூட்டு முனைகளும் உள்ளே இருக்க வேண்டும். அடித்தளம் வெட்டுப்பட்டுப் போனால் பிற்பாடு பொருத்துவதற்கு ஆதாரமே இராது. புதியவர்களின் தரவில் மிகுதியாகக் காணும் குறை இதுதான். வோக்செல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறு கட்டம்) 0.3 அல்லது 0.4 மி.மீ. போதும். 0.2-க்குப் போனால் கோப்பு பெருகும். இரைச்சல் கூடும் அல்லது கதிர்வீச்சு கூடும். இந்த வேலைக்குக் கூடுதல் பயன் இல்லை.

சில கருவிகள் பெரிய புலத்தை இரண்டு சுற்றில் எடுத்துத் தைக்கும். நடுவில் நோயாளி அசைந்தால் தையல் கோட்டில் எலும்பின் ஓரம் படிபோல் விலகி நிற்கும். படம் வந்ததும் நெடுக்கு வெட்டில் அந்த உயரத்தைப் பாருங்கள். நோயாளி நாற்காலியை விட்டு எழும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மோவாய்த் தாங்கியை நீக்கிவிடுங்கள். அது நாம் அளக்க வேண்டிய தோலையே அழுத்தும். நெற்றிப் பட்டையால் தலையை நிறுத்துங்கள், புருவத் தோல் இழுபடாமல். பற்கள் ஒவ்வொரு முறையும் ஒரே கடிநிலையில் இருக்க வேண்டும். மெல்லிய மெழுகுக் கடியை வைத்து எடுப்பதானால் எல்லா முறையும் அப்படியே. உதடு தளர்ந்திருக்கட்டும். ஸ்கேன் ஓடும் நேரத்தில் விழுங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒருமுறை ஒத்திகை பாருங்கள். டி0, டி1, டி2 மூன்றும் ஒரே கருவி, ஒரே வோக்செல், ஒரே அமைப்பு.

படங்களைப் பொருத்துதல்

வேலையின் உயிர் இதில் இருப்பதால் நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். 3டி ஸ்லைசர், ஐடிகே-ஸ்நாப் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். கற்கவும் ஆய்வுக்கும் போதும். விலைக்கு வரும் மென்பொருள்களிலும் படிகள் இவையே, பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

முதலில் டி0 படத்தை மட்டும் நேர்ப்படுத்துங்கள். ஃபிராங்க்ஃபர்ட் தளம் (கண்குழியின் கீழ் ஓரத்தையும் காதுத் துளையின் மேல் ஓரத்தையும் இணைப்பது) கிடையாக, முக நடுத்தளம் செங்குத்தாக. டி1, டி2 இரண்டையும் தனித்தனியே நேர்ப்படுத்தக் கூடாது. அவை டி0-இல் வந்து பொருந்தும்போது அதன் நேர்நிலையைத் தாமே பெறும். தனித்தனியே கையால் திருப்பினால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பாகைப் பிழை நுழையும். சுழற்சி மையத்திலிருந்து மோவாய் 100 மி.மீ. தள்ளி இருந்தால், 1 பாகைப் பிழையே அங்கே 1.7 மி.மீ. பொய் நகர்வாகத் தெரியும்.

அடுத்து டி1-ஐ டி0 மேல் தோராயமாக வையுங்கள். நாலைந்து மண்டையோட்டுப் புள்ளிகளைக் காட்டினால் போதும். பிறகு டி0-இல் முன் மண்டையோட்டு அடித்தளத்தை ஒரு மறைப்பாக (பொருத்தக் கணக்கில் சேர வேண்டிய பகுதியின் எல்லையாக) வரையுங்கள். நெற்றி எலும்பின் உட்தகடு, மூக்குக்கு மேலுள்ள சல்லடைத் தட்டு, ஸ்ஃபீனாய்டின் சிறு சிறகுகள் ஆகியவை உள்ளே வரட்டும். மூக்கு நடுச்சுவர், டெரிகாய்டு தட்டுகள், மேல்தாடை ஆகியவற்றின் ஒரு துண்டும் உள்ளே வரக் கூடாது. லெஃபோர்ட் 1-இல் அவை அசைபவை, உடைபவை.

அந்த மறைப்புக்குள் மட்டும் வோக்செல் அடிப்படையிலான ரிஜிட் பொருத்தத்தை ஓட்டுங்கள். மூன்று நகர்வும் மூன்று சுழற்சியும் மட்டுமே அனுமதி, அளவுமாற்றத்தை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் மென்பொருள் ஒரு மண்டையோட்டைச் சற்றே பெருக்கியோ சுருக்கியோ பொருத்தும். நாம் தேடும் மாற்றத்தின் ஒரு பகுதி அதிலேயே கரைந்துபோகும்.

முடிந்ததாக மென்பொருள் சொன்னதும் நம்பிவிடாதீர்கள். மூன்று தளங்களிலும் டி0-ஐ ஒரு நிறத்திலும் டி1-ஐ வேறு நிறத்திலும் பாதி ஊடுருவித் தெரியும்படி ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். நெற்றி உட்தகட்டில் இரட்டைக் கோடு தெரிந்தால் பொருத்தம் தவறு. நெற்றியில் பொருந்தி கன்ன எலும்பு வளைவில் ஒரே சீராக விலகினால் சுழற்சிப் பிழை இருக்கிறது. தோராய நிலையை மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். அந்த வளைவை லெஃபோர்ட் 1 தொடுவதில்லை என்பதால் அது நல்ல சாட்சி.

கிடைத்த உருமாற்றக் கோப்பை (நகர்வையும் சுழற்சியையும் பதிந்து வைத்த கோப்பை) டி1 படத்துக்கும், அதிலிருந்து பிரித்தெடுத்த எலும்புக்கும் சேர்த்தே செலுத்துங்கள். படத்துக்கு, பக்கத்து எண்களைக் கலந்து எடுக்கும் நேரியல் இடைச்செருகல். எலும்பு, பின்னணி என்று மட்டும் எண் குறித்த குறிப்படத்துக்கு, மிக அருகிலுள்ள எண்ணையே எடுக்கும் அருகண்மை முறை. குறிப்படத்துக்கு நேரியல் முறையைக் கொடுத்தால் எலும்பு எண் 1-க்கும் பின்னணி எண் 0-க்கும் நடுவே இல்லாத எண்கள் முளைக்கும்.

கேள்விக்கேற்ப அடித்தளமும் மாறும். கீழ்த்தாடைக்குள்ளேயே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் மண்டையோட்டு அடித்தளம் உதவாது. கடி சற்று மாறினாலே முழுக் கீழ்த்தாடையும் நகரும். மோவாய்ச் சீரமைப்புக்குக் கீழ்த்தாடை உடலின் பின்பகுதியில் பொருத்துங்கள். கோணம் செதுக்கியதற்கு முன்பகுதியிலும் கொரோனாய்டு முனையிலும் (மூட்டு முனைக்கு முன்னுள்ள கூர்முனை). பி.எஸ்.எஸ்.ஓ.வில் மூட்டு தாங்கும் பின்துண்டு எப்படித் திரும்பியது என்பதற்கு முதலில் அடித்தளத்தில் பொருத்தி, பிறகு பின்துண்டைத் தனியாகப் பொருத்தி, இரண்டு உருமாற்றங்களின் வேறுபாட்டைப் படியுங்கள்.

எலும்பைப் பிரித்தெடுத்தல்

சி.டி.யில் எலும்பின் தொடக்க எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் (சி.டி.யின் நிலையான அடர்த்தி எண்ணில்) நிறுத்தலாம். சி.பி.சி.டி.யின் சாம்பல் எண்கள் அப்படி நிலையானவை அல்ல; புலம், தலையின் இடம், பக்கத்து உலோகம் எல்லாம் அவற்றை மாற்றும். டி0-இல் கொடுத்த எண்ணையே டி1-இலும் கொடுத்தால் எலும்பு ஒரே சீராகத் தடித்தோ மெலிந்தோ வரும். ஒவ்வொரு படத்திலும் புறணி எலும்பின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து எண்ணைச் சரிசெய்யுங்கள். இதே காரணத்தால், சாம்பல் எண் கூடியதை வைத்து எலும்பு இறுகியது என்று எழுதக் கூடாது.

மெல்லிய இடங்கள் முதலில் மறையும்: சைனஸின் முன்சுவர், மூட்டு முனையின் மேல்பரப்பு. டைட்டானியம் தகடு உண்மையைவிடத் தடித்துத் தெரிந்து எலும்போடு ஒட்டும். கோண அகலத்தையோ மோவாய்ப் புள்ளியையோ தகட்டின் மேல் குறித்துவிடாமல் அடுக்குப் படத்தில் சரிபாருங்கள். பற்களின் பரப்பு தேவைப்பட்டால் வாய்க்குள் எடுத்த ஒளி ஸ்கேனை மேலே பொருத்துங்கள். பற்களில் ஒட்டிய உலோகப் பிராக்கெட் படத்தில் உண்டாக்கும் கீற்றுகளுக்கிடையே கிடைக்கும் பல் வடிவம் கடியை அளக்கத் தகுதியானதல்ல.

அளவிடுதல்: புள்ளி, சுழற்சி, வண்ண வரைபடம்

புள்ளிகளை முப்பரிமாண உருவில் மட்டும் குறிக்காமல் மூன்று தளங்களிலும் சரிபாருங்கள். மேல்தாடைக்கு ஏ புள்ளியும் (அதன் முன்பரப்பின் மிக உட்குழிந்த இடம்) நடு வெட்டுப்பல் முனையும் இரு முதல் கடைவாய்ப்பற்களும். கீழ்த்தாடைக்கு பி புள்ளி (அதன் முன்பரப்பின் மிக உட்குழிந்த இடம்), போகோனியன் (மோவாயின் மிக முன்னுள்ள புள்ளி), மென்டன் (மோவாயின் மிகக் கீழுள்ள புள்ளி), இருபக்கக் கோனியன் (தாடைக் கோணப் புள்ளி). வளைந்த பரப்பிலுள்ள கோனியன்தான் ஆளுக்கு ஆள் மாறும் புள்ளி. அதைத் தனியாக நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு புள்ளியின் நகர்வையும் முன்-பின், மேல்-கீழ், இட-வலம் என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். 3டி ஸ்லைசரில் கியூ3டிசி கூறு இதைச் செய்யும். குறி மாறாமல் கவனியுங்கள். மருத்துவப் படங்களின் பொதுக் கோப்பு வடிவமான டைகாமின் ஒழுங்கில் இடம், பின், மேல் ஆகியவை கூட்டல் திசைகள். ஸ்லைசரின் உள் ஒழுங்கில் வலம், முன், மேல். கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முன்னகர்வு பின்னகர்வாகத் தெரியலாம். திசை தெரிந்த ஒரு நகர்வை முதலில் சோதித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

சுழற்சிகள் மூன்றும் தனி: தாடை மேலும் கீழும் சாய்வது பிட்ச், கடித்தளம் ஒருபுறம் சாய்வது ரோல், நடுக்கோட்டிலிருந்து திரும்புவது யா. வெட்டுப்பல் சரியான இடத்தில் இருந்தும் முகம் கோணலாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் ரோலிலோ யாவிலோ இருக்கும். திட்டத்துக்கும் பலனுக்கும் இடையே 2 மி.மீ. வரை விலகலையும், சுழற்சியில் 2 பாகை வரை விலகலையும் ஏற்கத்தக்கதாகப் பல ஆய்வுகள் கொள்கின்றன. சுழற்சிக்கு 4 பாகை வரை ஏற்பவர்களும் உண்டு. எந்த எல்லையைக் கொண்டீர்கள் என்று அளக்கத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள்.

வண்ண வரைபடம் கண்ணுக்கு அழகு. ஆகையால் அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வழக்கமான வரைபடம் ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மறு பரப்பில் மிக அருகிலுள்ள புள்ளிக்கு இடையிலான தூரத்தைக் காட்டுகிறது. அது அதே உடற்கூற்றுப் புள்ளிதானா என்று அதற்குத் தெரியாது. மேசைமேல் கிடக்கும் தாளைப் பக்கவாட்டில் இழுத்தாலும் அருகண்மைத் தூரம் 0 தான். தாடையிலும் இதுவே நடக்கும். கீழ்த்தாடை 5 மி.மீ. முன்னே வந்திருக்க, அதன் பக்கப் பரப்பு நகர்வுத் திசைக்கு 20 பாகை சாய்ந்திருந்தால், வரைபடம் அங்கே ஏறக்குறைய 1.7 மி.மீ. மட்டுமே காட்டும். மோவாயின் முன்பரப்பில் அதே நகர்வு 5-ஐ ஒட்டித் தெரியும். ஆகவே எங்கே மாற்றம் என்று தேட வரைபடம். எவ்வளவு என்று சொல்லப் புள்ளிகள். வரைபடத்திலிருந்து எண் கொடுத்தே ஆகவேண்டுமானால் கூட்டல்-கழித்தல் குறியுள்ள சராசரியைக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்து +2-உம் மறுபக்கத்து −2-உம் சேர்ந்து 0 ஆகிவிடும். குறிப்பிட்ட பகுதியை வெட்டியெடுத்து அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் (தூரங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) 95-ஆம் சதமானத்தையும் கொடுங்கள்.

பின்வாங்கலைக் கணக்கிட ஓர் உதாரணம். போகோனியன் 6.0 மி.மீ. முன்னே வரத் திட்டம். டி1-இல் 4.8 வந்திருக்கிறது, விலகல் 1.2, எல்லைக்குள். டி2-இல் 3.9 மிஞ்சியிருக்கிறது, பின்வாங்கல் 0.9, அடைந்ததில் 19 விழுக்காடு. திட்டத்தின் 6.0-ஆல் வகுத்தால் 15 விழுக்காடு என வரும், அது தவறு. 1 மி.மீ. நகர்த்தி அதில் 0.5 பின்வாங்கினால் அது 50 விழுக்காடு. ஆனால் அந்த 0.5 அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கும். சிறு நகர்வுகளுக்கு விழுக்காட்டை விட்டு மி.மீ.யில் எழுதுங்கள்.

கோணம் செதுக்கியவர்களுக்கு

இங்கே எலும்பு நகர்வதில்லை, குறைகிறது. சிகிச்சைக்கு முன் நரம்புக் குழாயிலிருந்து கீழ் ஓரம் வரையான உயரத்தை இருபுறமும் கடைவாய்ப்பற்களுக்கு நேரே, குறுக்கு வெட்டில் சில இடங்களில் அளந்து வையுங்கள். பின்னர் அதே இடங்களில் மீதி உயரம் எவ்வளவு என்பதே பாதுகாப்பின் அளவுகோல். கீழுதடு மரத்துப்போனதாக நோயாளி சொல்கிறபோது முதலில் திறக்க வேண்டிய படமும் இதுதான்.

கோண அளவு கூடியதா, இருபக்கக் கோனியன் அகலம் குறைந்ததா என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். கீழ் ஓரத்தின் கோட்டைக் காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை தொடர்ந்து பாருங்கள். வெட்டு திடீரென முடிந்த இடத்தில் இரண்டாவது கோணம் ஒன்று தோன்றும். தோலின் மேலும் தட்டுப்படும். ஓர் எண்ணும் அதைப் பிடிக்காது, உருவை நேரில் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வெட்டிய ஓரம் மாதங்களில் மழுங்கும், சில இடங்களில் எலும்பு வளரும்; ஆகவே எவ்வளவு நீக்கப்பட்டது என்பதற்கு டி1, கடைசி வடிவத்துக்கு டி2. மெல்லும் தசை அதே காலத்தில் மெலியக்கூடும், உடல் எடையும் மாறியிருக்கலாம். ஒவ்வொரு ஸ்கேன் நாளிலும் எடையைக் குறித்திருந்தால்தான் கன்னம் குறுகியதில் எலும்பின் பங்கு எது என்று பேச முடியும்.

மூட்டு முனையைப் பொறுத்தவரை, முன், மேல், பின் இடைவெளிகளை ஒரே வெட்டுத் தளத்தில் மூன்று காலத்திலும் அளங்கள். காற்றுப்பாதையின் கொள்ளளவு மூச்சின் கட்டம், நாக்கு, கழுத்தின் சாய்வு எல்லாவற்றாலும் மாறும். மிகக் குறுகிய இடத்தின் பரப்பளவையும் சேர்த்தே கொடுங்கள். உறக்க மூச்சடைப்பு தீர்ந்ததா என்பதைப் படத்தால் முடிவுசெய்ய முடியாது, அதற்கு உறக்க ஆய்வு வேண்டும்.

உங்கள் கையின் பிழை எவ்வளவு

குறைந்தது 10 பேரின் படங்களை இரண்டு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மீண்டும் அளங்கள். புள்ளியை மட்டுமல்ல, பொருத்துதலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பிழையின் பெரும்பங்கு அங்கேயும் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொருவரின் இரு அளவுகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்; இது டால்பெர்க் பிழை. கூட்டுத்தொகை 3.2 என்றால் 20-ஆல் வகுத்து 0.16, வர்க்கமூலம் 0.4 மி.மீ. ஓர் ஆளிடம் இரு காலங்களுக்கு இடையே காணும் மாற்றத்தை உண்மை என்று சொல்ல, அந்தப் பிழையின் 2.77 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். இங்கே சுமார் 1.1 மி.மீ. மேலே கண்ட 0.9 மி.மீ. பின்வாங்கல் இந்தக் கையில் உறுதியானதல்ல.

அளப்பவர் அறுவைச்சிகிச்சை செய்தவராக இல்லாமல் இருப்பது நல்லது. அறிக்கையில் ஸ்கேன் நாட்கள், கருவி, வோக்செல், ஸ்ப்ளின்ட் நிலை, பொருத்திய எலும்புப் பகுதி, புள்ளிகளின் மூன்று திசை நகர்வு, மூன்று சுழற்சி, உங்கள் பிழை அளவு ஆகியவை இருக்கட்டும். மூல டைகாம் கோப்புகளையும் மறைப்புகளையும் உருமாற்றக் கோப்புகளையும் ஒரே உறையில், நோயாளியின் பெயரை நீக்கி, குறியீட்டு எண்ணோடு சேமியுங்கள். அடுத்த ஆண்டு வரும் ஸ்கேனை அதே டி0 மேல், அதே மறைப்பை வைத்துப் பொருத்த அவை வேண்டும்.